தவிட்டுக்கு வாங்கிய மாமா

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம் என்று யாராவது பேச்செடுத்தால் நம் வயதுக்காரர்கள் எல்லோரும் மரவள்ளிக்கிழங்கில் போய் நிற்போம். நீங்கள் கீழே சமவெளியில் இருந்தவர்கள். உங்களுக்கு அந்தக் கிழங்காவது ஒழுங்காக விளைந்தது. கேமரன் மலைக் குளிரில் மரவள்ளி விரல் பருமனுக்கு மேல் தடிக்காது. எங்களுக்குச் சர்க்கரைவள்ளி, அதன் கொழுந்துக் கீரை, மறுபடியும் சர்க்கரைவள்ளி. ஆகவே கிழங்கு பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை. என்னிடம் இருக்கும் செய்தி வேறு. அந்த வருடம் எங்கள் வீட்டுக்குக் கதவு இல்லை.

குண்டு விழுந்து போகவில்லை. ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு போகவும் இல்லை. என் மாமா அதைச் சீட்டாட்டத்தில் தோற்றார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுவதில் தோட்டத்திலேயே அவருக்கு இணை இல்லை என்பார்கள். ஆனால் துரை ஓடிப்போனதிலிருந்து கவாத்தும் இல்லை, கொழுந்தெடுப்பும் இல்லை. இடுப்பளவில் நிற்க வேண்டிய செடிகள் மரமாகி நின்றன. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு மாமாவின் பெயரில் கொடுக்கப்பட்டது. அப்பா வேலை செய்த பிரிவை மூடியதும் நாங்கள் மூவரும் மாமாவோடு வந்து ஒண்டினோம். அதனால் வீட்டிலிருந்த சாமான்களில் பாதி மாமாவுடையது. அந்தப் பாதிதான் ஒவ்வொன்றாக வெளியே போயிற்று.

மாமா எதன்மீதும் பந்தயம் கட்டுவார். மூடுபனி முதலில் தொழிற்சாலைப் புகைபோக்கியைத் தொடுமா, கோயில் கொடிக்கம்பத்தைத் தொடுமா. டிரஸ்ஸர், அதாவது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், இன்று சைக்கிளில் ஏறி வருவாரா, தள்ளிக்கொண்டு வருவாரா. மாமாவின் இரண்டு காதிலும் துளை இருந்தது, கடுக்கன் இல்லை. அது ஜப்பான் சண்டை வருவதற்கு முன்பே ஒரு சேவல் பந்தயத்தில் பறந்துவிட்டிருந்தது.

சீட்டு நடந்த இடம் ஆயாக் கொட்டகை. தாய்மார்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போவதற்காகக் கட்டியது. கொழுந்தெடுப்பு நின்றதால் காலியாகக் கிடந்தது. குழந்தைகளுக்குக் கட்டிய தூளிக் கயிறுகள் மேலே தொங்க, கீழே பெரியவர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து ஆடுவார்கள். சீட்டுக்கட்டின் சொந்தக்காரர் எதிர் லயத்துத் தையல்காரர். அவரிடம் மெஷின் இருந்தது. துணியும் இல்லை, நூலும் இல்லை. கோணிச் சாக்கைப் பிரித்து அந்தச் சணல் நூலிலேயே சாக்குக் கால்சட்டை தைத்துக் கொடுப்பார். அது முடிந்த நேரத்தில் சீட்டு. ஊசியில் நூல் கோத்துக் கோத்து அவருடைய இடது கண் எப்போதும் பாதி மூடியே இருக்கும். மூன்று பிள்ளைகளின் தகப்பன்.

அந்தக் கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐம்பத்திரண்டில் பதினொன்று தொலைந்துபோய், துரை பங்களாவில் பொறுக்கிய அட்டைப் பெட்டிகளில் வெட்டி எழுதப்பட்டவை. இஸ்பேட் ராஜா மற்றவற்றைவிட இரண்டு மடங்கு தடிமன். பின்பக்கத்தைப் பார்த்தே இன்ன சீட்டு என்று லயத்தில் எல்லோருக்கும் சொல்லத் தெரியும். எட்டு வயதில் எனக்கே தெரியும். மாமா மட்டும் பின்பக்கத்தைப் பார்க்க மாட்டார். அது அழுகுணி ஆட்டம் என்பது அவர் கொள்கை. தையல்காரர் இதை ஒருமுறை அம்மாவிடமே சொன்னார். கண் இருக்கிறவன் பார்க்காமல் எப்படி இருப்பது, உங்கள் தம்பி ஒருவன்தான் யோக்கியன், அதனால்தான் தோற்கிறான் என்றார். அம்மாவுக்கு அதில் பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆட்டுக்கல் முதலில் போனது. அப்புறம் அம்மாவின் கல்யாணத்துக்கு மாமா வாங்கித் தந்து, பிறகு தன்னுடையதுதான் என்று மீட்டுக்கொண்ட பித்தளைக் குடம். அப்புறம் கதவு. தையல்காரர் வீட்டில் ஏற்கெனவே ஒரு கதவு இருந்ததால் எங்களுடையதை வெளிச்சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அம்மாவுக்குக் கோபம் வரும்போதெல்லாம் எதிர் லயத்துக்குப் போய், சுவரில் சாய்ந்திருக்கும் எங்கள் கதவைத் தட்டுவாள். தையல்காரரின் மனைவி தன் கதவைத் திறந்து, “என்னக்கா?” என்பார். தையல்காரர் கெட்ட மனிதர் இல்லை என்பதற்கு அப்போதே ஓர் அத்தாட்சி இருந்தது. கதவை வென்ற மறுநாள், எங்கள் வாசலுக்கு அளவெடுத்து ஒரு சாக்குத் திரை தைத்துக் கொண்டுவந்து அவரே மாட்டிவிட்டுப் போனார். கூலி வாங்கவில்லை.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. ஒருநாள் மாமா அப்பாவின் கம்பளிக் கோட்டை எடுத்துப் போய்ப் பந்தயமாக வைத்தார். தையல்காரர் காலரைத் தடவிப் பார்த்தாராம். “இது ஒன் மச்சானோடது. நான் தச்சதுதான். அடுத்தவன் சாமானை நான் ஆடமாட்டேன்லா” என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொட்டகையில் இருந்த ஒரே சட்டம் அது. தன்னுடையதைத்தான் வைக்கலாம்.

மாமாவைத் திருத்த அம்மா எடுத்த முதல் முயற்சி சூடம். உங்களுக்குத் தெரியும், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் மீறக் கூடாது. இது மாமாவுக்கும் தெரியும். ஊரில் சூடமே கிடையாது என்பதும் தெரியும். ஆகவே தினமும் அவரே கேட்பார்: “அக்கா, சூடம் எங்க? கொண்டா, இப்பவே அணைக்கிறேன். ஒனக்காகச் செய்ய மாட்டேனா?”

அம்மா ரிங்லெட் கடைத்தெரு வரை நடந்து போய், அங்கே கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் கேட்டாள். “மாரியாத்தாளுக்கே இப்ப ரேஷன்தான் தங்கச்சி” என்று அவர் காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். திரும்பி வரும்போது அம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. துரை பங்களாவின் சாவி அப்போது அங்கே சமைத்துவந்த குசினிக்காரரிடம் இருந்தது. துரைசானியின் துணி அலமாரியில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் கிடப்பதை முன்பு அங்கே தரை துடைக்கப் போனபோது அம்மா பார்த்திருக்கிறாள். வாசனையும் ஏறக்குறைய அதேதான். அது வெள்ளைக்காரன் சூடம் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு கூடை சர்க்கரைவள்ளி கொடுத்து மூன்று உருண்டை வாங்கி வந்தாள்.

மாரியம்மன் கோயில் என்பது நான்கு கம்பமும் ஒரு தகரமும். ஞாயிற்றுக்கிழமை காலையில் லயமே கூடிவிட்டது. சூடம் கிடைத்துவிட்டது என்று கேட்டதும் மாமாவின் முகம் போன போக்கை எழுத எனக்கு இன்றும் வார்த்தை இல்லை. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. உருண்டையை வெற்றிலையில் வைத்துக் கொளுத்தினார்கள். சூடம் வெள்ளையாக எரியும். இது கறுப்பாக எரிந்தது. புகை நேராக எழுந்து அம்மன் முகத்தைக் கரியாக்கியது. பூச்சி மருந்து நாற்றத்தில் அப்பா வெளியே ஓடினார். மாமா கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை வைத்து அழுத்தினார். சூடமாக இருந்தால் நொடியில் அணைந்திருக்கும். இது உருகிக் கையோடு ஒட்டிக்கொண்டது.

கை வெந்துவிட்டது. ஒரு வாரம் சீட்டைப் பிடிக்க முடியவில்லை. அந்த ஒரு வாரமும் மாமா ஆடவில்லை; அம்மா ஆத்தாளின் சக்தியைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். எட்டாம் நாள் கொப்புளம் ஆறியது. மாமா போய்த் தையல்காரரிடம் சட்டம் கேட்டார். அவர் ஒரு பீடித் துண்டு கரையும்வரை யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்.

“அது பூச்சிக்கு வச்ச சத்தியம். மனுசனைக் கட்டாது.”

அம்மாவின் இரண்டாவது முயற்சியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியிடம் போய்த் தையல்காரர்மீது புகார் சொன்னாள். அந்த ஆள் சீட்டை நிறுத்தினால் என் தம்பி உருப்படுவான் என்றாள். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றேன். கங்காணி குடையை மடக்கியபடி, பார்க்கலாம் என்றார்.

பிறகு சில வாரத்தில் ஜப்பான்காரனின் சயாம் உத்தரவு வந்தது. சயாமில், அதாவது தாய்லாந்தில், ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாத வேலை, அரிசியும் துணியும் உண்டு என்று சொன்னார்கள். கீழே தோட்டங்களிலிருந்து முன்னமே போனவர்கள் ஒருவர்கூடத் திரும்பவில்லை, ஒரு வரிக் கடிதமும் வரவில்லை என்பது லாரிக்காரர்கள் வழியாக எங்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் லயத்திலிருந்து நான்கு பேர். பட்டியல் போடுவது கங்காணி. முதல் பெயராக அவர் தையல்காரரை எழுதினார். தைக்கத் துணி இல்லாத தையல்காரனால் தோட்டத்துக்கு என்ன லாபம் என்றாராம். செய்தி வந்தபோது அம்மா கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. புகார் சொன்னதையும் கேட்டவள், பட்டியல் வந்ததையும் கேட்டவள் நான் ஒருத்திதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பல வருடம் ஆயிற்று.

அதே வாரம் கோலா தெர்லாப் பக்கமிருந்து இன்னொரு செய்தி வந்தது. அங்கே ஒருவன் சீட்டில் தன் பெயரையே வைத்துத் தோற்றுவிட்டானாம். பட்டியலில் இருந்தவன் பெயரை அடித்துவிட்டுத் தோற்றவன் பெயரை எழுதிக்கொண்டார்களாம். ஜப்பான்காரனுக்குத் தலைக்கணக்கு சரியாக இருந்தால் போதும்; எந்தத் தலை என்று அவன் பார்ப்பதில்லை.

அம்மா அன்று சாப்பிடவில்லை. ஆட்டுக்கல், குடம், கதவு எல்லாம் போன பிறகு மாமாவிடம் மிச்சம் இருந்தது மாமா மட்டும்தான்.

“எதையும் வைப்பான் இவன்” என்று அப்பாவிடம் சொன்னாள். “கேக்குறவன் கேட்டா, தன்னையே வச்சுடுவான்.”

அப்பா அதிகம் பேச மாட்டார். அவனுடையதைத்தானே அவன் வைக்கிறான் என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் அம்மாவுக்கு மூன்றாவது யோசனை பிறந்தது.

தவிட்டுக்கு விற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிறக்கிற பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையை முறத்தில் கிடத்தி, வாசலில் வைத்து, ஒரு பிடி தவிட்டுக்கு அயலாருக்கு விற்றுவிடுவார்கள். பிள்ளை வளர்வது பெற்றவள் வீட்டில்தான். ஆனால் உடைமை வாங்கியவருக்கு. எமன் விலாசம் தெரியாமல் திரும்பிப் போய்விடுவான். இதைத் தாடி முளைத்த ஒருவனுக்குச் செய்ததாக நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

மாமா சம்மதித்தார். பட்டியல் செய்தி அவரையும் கொஞ்சம் உலுக்கியிருந்தது. மேலும், தன்னை யார் என்ன விலைக்கு வாங்குவார்கள் என்று தெரிந்துகொள்ள அவருக்கே ஆசை. வாங்கத்தான் ஆள் இல்லை. பக்கத்து வீட்டார் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கங்காணி வீட்டு அம்மாள் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: “தவிடு இருக்கு. ஆனா அது கோழிக்கு வேணும். கோழி முட்டை போடும்லா, ஒன் தம்பி என்ன போடுவான்?”

தவிடு அப்போது லேசான பொருள் இல்லை. மனிதர்களே தின்றார்கள். லயத்தில் கோழிக்காக இல்லாமல் தவிடு வைத்திருந்தது ஒரே ஓர் ஆள், நான். எனக்குக் கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நூறு எண்ணும்வரை மேலே வராது. அதற்கு மருந்தாக டிரஸ்ஸர் வாரம் ஒரு பால்டின் தவிடு கொடுத்துவந்தார். மரத்தூளைத் தின்பதுபோல இருக்கும். அதைக் கொடுத்துவிட்டு மாமாவை வாங்கிக்கொள்ளலாம் என்றதும் நான் ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

விற்பனை நடுப்பகலில் சாக்குத் திரைக்கு முன்னால் நடந்தது. முறத்தில் மாமா கொள்ளவில்லை. ஒரு காலை வைத்தார், முறம் மொறுக்கென்றது. இரண்டாவது காலை வைத்தால் உடைந்துவிடும், புதிதாகப் பின்ன ஆளில்லை என்று அப்பா தடுத்துவிட்டார். ஆக, மாமா ஒற்றைக் காலில் கொக்குபோல் முறத்தில் நின்றார், இன்னொரு காலை அப்பா பிடித்துக்கொண்டார்.

“தவிட்டுக்குப் பிள்ளை. வாங்குறீங்களா?” என்று அம்மா மூன்று முறை கேட்டாள்.

“வாங்குறேன்” என்று சொல்லி டின்னை அவள் மடியில் கவிழ்த்தேன். லயத்தார் சிரித்த சிரிப்பில் நாய்கள் குரைத்தன. சிரிக்காத ஒருவர் தையல்காரர். சாமி கும்பிடுகிற மாதிரி கைகட்டி நின்று பார்த்துவிட்டு, “இனிமே இவன் பாப்பாவோட ஆளு. எல்லாரும் கேட்டுக்குங்க” என்றார். அம்மா அன்று மாலையே அந்தத் தவிட்டில் ரொட்டி தட்டி, மருந்தாயிற்றே என்று எனக்கே ஊட்டினாள். விலையையும் தின்று பொருளையும் வைத்துக்கொண்டவள் என்று என்னை அப்பா கொஞ்ச நாள் கேலி செய்தார்.

பதினேழு நாள் மாமா என் உடைமையாக இருந்தார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போவார். “மொதலாளி, ஒரு பீடி குடிச்சுக்கலாமா?” என்பார். நான் யோசிப்பதுபோல் யோசித்துச் சரி என்பேன். மூடுபனி இறங்கும்போது அவருக்கு உள்ளங்கை அரிக்கும். புகைபோக்கியா கொடிக்கம்பமா என்று வாய் துடிக்கும். “கூடாது” என்பேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பனியைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார். பந்தயம் இல்லாமல் மூடுபனியைப் பார்த்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அம்மா அந்த நாட்களில் எதிர் லயத்துக் கதவைத் தட்டவே இல்லை.

பதினெட்டாம் நாள் காலை நல்ல குளிர். இரவெல்லாம் பெய்த மழையில் சாக்குத் திரை ஊறி, உள்ளே நான் படுத்திருந்த இடம்வரை தண்ணீர் வந்திருந்தது. குழாயடியில் வரிசை. மாமா என்னைக் கல்லில் உட்கார வைத்து, என் வீங்கிய காலைத் துண்டால் துடைத்துவிட்டார்.

“மொதலாளி, கதவு வேணுமா?”

வேணும் என்றேன்.

“ஒரே ஆட்டம். கதவு, ஆட்டுக்கல், குடம், எல்லாத்தையும் ஒரே ஆட்டத்துல வைக்கிறாங்களாம். நீ சரின்னாதான் நான் போவேன்.”

முதலாளி என்ற பொறுப்பில் நான் கேட்டேன்: “நீங்க என்ன வைப்பீங்க?”

“என்கிட்ட என்ன இருக்கு? ஒண்ணுமில்ல” என்றார் மாமா. பொய் சொல்வதாக அவர் நினைத்திருக்க மாட்டார். தன்னை ஒரு பொருளாகக் கணக்கு வைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

“சரி, ஆடுங்க” என்றேன். அதிகாரம் செய்கிற ஆசையில் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. பார்த்த ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னார்கள். ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். கடைசிச் சீட்டு தடித்த இஸ்பேட் ராஜா. அது தையல்காரர் கைக்குப் போவதை மாமாவைத் தவிர அத்தனை பேரும் பார்த்தார்கள். மாமா கூரையையும் தூளிக் கயிற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாராம், கண் தவறிப் பின்பக்கத்தில் விழுந்துவிடக் கூடாதே என்று.

அம்மாவுக்குச் செய்தி கிழங்குக் கொத்தில், நாங்கள் பயிரிட்ட துண்டு நிலத்தில், கிடைத்தது. மண் கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு கங்காணி வீட்டுக்கு ஓடினாள். மாமாவும் தையல்காரரும் முன்னமே வராந்தாவில் நின்றார்கள். கங்காணி தையல்காரர் பெயரை அடித்துவிட்டு மாமாவின் பெயரை எழுதப் பேனாவை மையில் நனைத்துக்கொண்டிருந்தார்.

“எழுதாதீங்க” என்றாள் அம்மா. “அவனை வைக்க அவனுக்குப் பாத்தியதை இல்ல. வித்தாச்சு.”

வேறு கங்காணியாக இருந்தால் சிரித்திருப்பார். எங்கள் கங்காணி குழந்தையாக இருந்தபோது தவிட்டுக்கு வாங்கப்பட்டவர். அவர் பெயரிலேயே தவிடு உண்டு. தான் உயிரோடு இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நம்புகிறவர். பேனாவைக் கீழே வைத்தார். வாங்கியவளைக் கூப்பிடு என்றார். நான் முன்னால் தள்ளப்பட்டேன்.

“ஒன்னைக் கேட்டானா? ஆடச் சொல்லி நீ விட்டியா?”

அம்மாவின் கை என் தோளில் இருந்தது. ஈர மண் சட்டைக்குள் இறங்கியது. மாமா தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரர் மட்டும் என்னைப் பார்த்தார், இரண்டு கண்ணையும் முழுக்கத் திறந்து.

“இல்ல” என்றேன்.

“ஒரு வார்த்தகூடக் கேக்கல?”

“கேக்கல.”

தையல்காரர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு சொன்னார்: “அப்ப ஆட்டம் செல்லாதுங்க. அடுத்தவங்க சாமானை நான் ஆடுறதில்ல.” கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். கங்காணி பேனாவைத் துடைத்து வைத்தார்.

மூன்றாம் நாள் லாரி வந்தது. நான்கு பேர் ஏறினார்கள். தையல்காரர் மெஷினுக்குச் சாக்குப் போர்த்திவிட்டு, கத்தரிக்கோலை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

மாமா அதற்கப்புறம் ஆடவில்லை. சீட்டு மட்டுமில்லை, எந்தப் பந்தயமும். யாராவது மூடுபனியைக் காட்டிக் கேட்டால், “இருக்கட்டும்லா” என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார். எங்கள் கொத்தில் வேலை முடிந்ததும் எதிர் லயத்துக்குப் போய்த் தையல்காரர் வீட்டுக் கொத்தையும் வெட்டுவார். தண்ணீர் எடுத்து வைப்பார், விறகு பிளப்பார். அந்த அக்காளோடு ஒரு வார்த்தை பேச மாட்டார். இந்த மாற்றத்துக்கு உரிமை கொண்டாட லயத்தில் போட்டி நடந்தது. அம்மா அது பூச்சி உருண்டைச் சத்தியத்தின் பலன், ஆத்தா மெதுவாகத்தான் கேட்பாள் என்றாள். கங்காணி தவிட்டு விற்பனை என்றார். தவிடு நரம்புக்கு நல்லது, அந்த வீட்டில் ஆளாளுக்கு எடுத்துத் தின்றிருப்பார்கள் என்றார் டிரஸ்ஸர். மாமா யாரையும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. எங்கள் இருவருக்கும் வேறு காரணம் தெரியும். அதை நாங்கள் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜப்பான்காரன் தோற்று, கொடி மாறி, துரை திரும்பி வருவார் என்று பேசிக்கொண்டிருந்த நாட்களில், போன நான்கு பேரில் ஒருவர் வந்தார். மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து காய்கறி லாரியில் ரிங்லெட் வரை வந்து, அங்கிருந்து நடந்திருக்கிறார். லயத்து வளைவில் முதலில் பார்த்தது மாமா. அது யாரென்று எங்களுக்குப் புரிவதற்குள் மாமா ஓடிப்போய் அவரைத் தூக்கிவிட்டார். தூக்குகிற அளவுக்குத்தான் தையல்காரர் இருந்தார். இரண்டு கணுக்காலிலும் புண் ஆறிப் பள்ளம் விழுந்திருந்தது.

கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்க அம்மா என்னை அனுப்பினாள். அவள் வரவில்லை. எனக்கு அப்போது பத்து வயது தாண்டியிருந்தது. தையல்காரர் வீட்டில் அந்நேரம் வேறு யாரும் இல்லை. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கஞ்சியை வாங்குவதற்கு முன்பு என் காலைப் பார்த்தார்.

“வீக்கம் போச்சா பாப்பா?”

போய்விட்டது என்றேன். பிறகு என்னால் நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. “அன்னிக்கு நான் பொய் சொன்னேன்” என்றேன்.

“தெரியும்லா” என்றார் அவர். “குழாயடியில ஒனக்குப் பின்னால தண்ணித் தகரத்தோட நின்னது நான்தானே. ஒன் மாமன் பேச்சை மட்டும் நம்ப முடியுமா? நீ சரின்னு சொன்னதை என் காதால கேட்டுட்டுத்தான் சீட்டையே கலைச்சேன்.”

“அப்ப ஏன் கங்காணிகிட்ட சொல்லல?”

அவர் கஞ்சியை ஊதிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

“மூணு புள்ள பெத்தவன் நான். ஒரு புள்ளையை நிக்க வச்சு, ‘நீதான் ஒன் மாமனை சயாமுக்கு அனுப்பி வச்சே’ன்னு நான் சொல்லணுமா?” கிண்ணத்தை வாயில் வைத்து ஒரு மடக்குக் குடித்தார். “சொல்லலாம்னுதான் வாயைத் தொறந்தேன். ஒன் மொகத்தைப் பார்த்தேன், முடியல.”

நான் அழ ஆரம்பித்திருக்க வேண்டும். ஏனென்றால் அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பாதிக் கண்ணை மூடி என்னைச் சற்று நேரம் பார்த்தார், துணிக்கு அளவு பார்ப்பதுபோல.

“ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்க” என்றார். “நீ என்னைக்கும் சீட்டைத் தொட்டுடாதே. கையில என்ன இருக்குன்னு ஒன் மொகமே சொல்லிடுது.”